வெடியில்லாத சர்வர்

என் மகளிடம் யாரோ ஒருவன், "வீட்டில் அம்மா இருக்காங்களா?" என்று கேட்டான். ஆரம்பம் அதுதான். அவன் எந்த ஊர்க்காரன், பதினாறு வயதா அறுபது வயதா, உண்மையிலேயே ஆண்தானா, எதுவும் தெரியாது. கட்டை கட்டையாக அடுக்கி வீடும் கோட்டையும் கட்டுகிற விளையாட்டு அது. உலகத்தில் உள்ளவன் எல்லாம் வந்து போகிற ஏதோ ஒரு சர்வரில் அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கு ஒரு வைர வாளைக் கொடுத்திருக்கிறான். பிறகு எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு இந்தக் கேள்வி. என் மகளும் ரொம்பச் சமர்த்தாக, "அம்மா பிரஸ்ஸுக்குப் போயிருக்கு, இருட்டினாத்தான் வரும்" என்று தட்டி அனுப்பியிருக்கிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி பீரோவுக்கு மேலே எறிந்தேன்.

"ஏ கழுதை, கூறு இருக்கா ஒனக்கு? வீட்ல ஆளில்லன்னு ஊருக்கே தமுக்கு அடிச்சிருக்கியே!"

"உண்மையத்தானே சொன்னேன்" என்று அழுதாள்.

உண்மைதான். நாரணாபுரம் ரோட்டில் எங்கள் காம்பவுண்டில் சாயங்காலம் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் பிள்ளைகள்தான் திறக்கும். பெரியவர்கள் பட்டாசுக் கம்பெனியில் இருப்பார்கள், இல்லையென்றால் தீப்பெட்டி ஆபீசில், இல்லையென்றால் என்னைப் போல அச்சகத்தில். என் வீட்டுக்காரர் காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. இந்த நிலைமையில் பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்கி வைத்தால் அது தெருவுக்குப் போகும். தெருவில் மட்டும் என்ன வாழுகிறது?

நான் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வடிவமைக்கிறவள். சிங்கத்துக்குப் பிடரி மயிர் கூட்டுவது, ராக்கெட்டுக்குப் பின்னால் நெருப்பைக் கூட்டுவது, இதுதான் என் பிழைப்பு. எங்கள் பிரஸ்ஸில் புது கம்ப்யூட்டர்கள் வந்தபோது பழையதில் ஒன்றை என் தலையில் கட்டியிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ரிப்பேர் பார்க்க வருகிற பையனிடம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டியபோது அவன்தான் சொன்னான்: "அக்கா, அத வச்சு வீட்லயே ஒரு சர்வர் போட்ருங்க. ஒங்க வைஃபைக்குள்ள இருக்கவுகதான் உள்ள வர முடியும். வெளியாளு ஒருத்தன் எட்டிப் பாக்க முடியாது."

சொல்வதற்கு அவனுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். உள்ளே இருந்த தூசியைத் தட்டினால் ஒரு குருவிக் கூடு கட்டலாம். ரேம் பத்தவில்லை என்று நின்றது, ஒன்றை வாங்கிச் செருகினேன். போன் கண்டுபிடிக்கவில்லை என்று நின்றது. கரண்டு போனதும் கட்டியதெல்லாம் அழிந்துவிட்டது என்று என் மகள் ஒப்பாரி வைத்தாள், பிரஸ்ஸில் கழித்துப் போட்ட யுபிஎஸ் ஒன்றைத் தூக்கி வந்தேன். கடைசியில் ஒருநாள் மத்தியானம் அவள் போனில் எங்கள் சர்வரின் பெயர் பச்சையாக வந்தது. எவரெஸ்ட்டில் கொடி நட்டவள் மாதிரி நான் சமையற்கட்டில் நின்று ஆடினேன்.

உள்ளே வர அனுமதி இரண்டே பேருக்கு. ஒன்று என் மகள். இன்னொன்று அடுத்த வீட்டு மதினியின் மகள். இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள், ஒரே பேன்.

மதினி என்றால் சொந்தமில்லை. வந்த புதிதில் அவள் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டேன், அதனால் அவள் மதினியானாள், அவள் மகளுக்கு நான் அத்தையானேன். மதினிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற வேலை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வேனில் ஏறுவார்கள். மதினியின் போன் நாள் முழுக்க அவள் மகள் கையில் இருந்தது. அதில்தான் அந்தப் பிள்ளை விளையாடினாள்.

அந்த விளையாட்டில் வெடி உண்டு. சிவப்புக் கட்டையாக இருக்கும், கொளுத்திவிட்டு ஓட வேண்டும், மலையே பொடியாகும். சர்வரின் செட்டிங்கில் ஒரே ஒரு வரியை மாற்றினால் அது வெடிக்காது. முதல் நாளே மாற்றிவிட்டேன். தீ பரவுவதையும் நிறுத்திவிட்டேன். இரண்டு பிள்ளைகளும் சண்டைக்கு வந்தன.

"வெடி இல்லாம எப்படிம்மா மலைய ஒடைக்க?"

"கையால ஒடை. ஊருக்குள்ள இருக்க வெடி பத்தலையா ஒனக்கு?"

வேலை விட்டு வந்த மதினி வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அலுமினியப் பவுடர் படிந்து அவள் கை இரண்டும் வெள்ளிக் காப்புப் போட்ட மாதிரி மின்னும், முழங்கை வரைக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும். "நல்லாச் சொன்ன தாயி. நானே நாள் பூரா அதுலதான் கெடக்கேன்" என்றாள்.

இரண்டு பிள்ளைகளும் அந்தச் சர்வருக்குள் ஒரு ஊரையே கட்டின. என் மகள் நீச்சல் குளம் வைத்த பங்களா கட்டினாள். மதினியின் மகள் அம்மாவின் கம்பெனியைக் கட்டினாள். மதினி பக்கத்தில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பியை உறிஞ்சிக்கொண்டே திருத்துவாள்.

"ரூமை அம்புட்டு கிட்டக்க வைக்காத. தள்ளித் தள்ளி இருக்கணும். நாலு பக்கமும் வாசல் வையி. கதவு வெளிப்பக்கமாத் தொறக்கணும்."

"எதுக்கும்மா நாலு வாசல்?"

"ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். ஆளுக்கு ஒரு வாசல். எதாச்சும் ஒன்னுன்னா ஒரே தாவு, வெளிய வந்திரலாம். எங்களுக்கு என்ன பயம்?"

அந்தப் பிள்ளை ஆளுக்கொரு பொம்மையை வாசலுக்கு நேராக வைத்தாள். நாலு வாசல், நாலு பொம்மை. என்னால் மதினியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளிடம் சொல்கிற கம்பெனி ஒன்று. அது சட்டப் புத்தகத்தில் இருக்கிற கம்பெனி. அவர்கள் நிஜமாக வேலை பார்க்கிற கம்பெனி வேறு. தண்ணீர்க் குழாயடியில் நாங்கள் பெரியவர்கள் மட்டும் நிற்கும்போது அதைப் பற்றிப் பேசுவோம். பிள்ளைகளைப் பார்த்தால் பேச்சை மாற்றிவிடுவோம். காலையில் அம்மாவை அனுப்பிவிட்டு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிம்மதியாக உட்கார வேண்டாமா?

தீபாவளி சீசன். காலாண்டுத் தேர்வு லீவு. நான் பிரஸ்ஸில் ஒரு அவசர ஆர்டரில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் வெடிச் சத்தம் புதிதில்லை, சாம்பிள் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், காது அதைக் கேட்பதே இல்லை. ஆனால் அன்றைக்குச் சத்தம் காதில் வரவில்லை, காலுக்கடியில் வந்தது. மேசை மேலிருந்த டீ குலுங்கியது. ஷட்டர் அதிர்ந்தது. எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடினோம். எந்தப் பக்கம் புகை என்று பார்ப்பதுதான் எங்கள் ஊரில் முதல் வேலை. அந்தப் பக்கத்தில் யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்று மனம் கணக்குப் போடும். நம் ஆள் இல்லை என்றால் ஒரு நிமிஷம் மூச்சு வரும், அதற்கடுத்த நிமிஷம் அந்த மூச்சுக்காக வெட்கமாக இருக்கும்.

புகை மதினி கம்பெனிப் பக்கம்தான் எழுந்தது.

நான் போனை எடுத்து அவள் நம்பரைப் போட்டேன். கம்பெனிக்குள் போன் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் போட்டேன். மாடியில் என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், வீட்டில் கிடக்கிற போன்களுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தது அந்தப் பிள்ளை.

"அத்தை, அம்மா வேலைக்குப் போயிருக்கு. நாங்க ஒங்க வீட்லதான் வெளாடுறோம்."

"சரி."

"என்னத்தை, மூச்சு வாங்குது?"

"ஒன்னுமில்ல. வெளாடுங்க. கதவப் பூட்டிக்கிட்டு வெளாடுங்க."

மதினியோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். கையும் முகமும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் வேறு. எப்படி அடையாளம் கண்டார்கள் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். போர்மேனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்து நாள் காரியம் முடிவதற்குள் கம்பெனி ஆள் ஒருவர் வெள்ளைச் சட்டையில் வந்து அண்ணனோடு பேசினார். அந்த அறையில் இருந்தது நாலு பேர்தான், மற்றவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்து அடிபட்டவர்கள், அப்படித்தான் எல்லோரும் சொல்ல வேண்டும். கூடுதல் ஆள் வைத்திருந்ததாகத் தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் நம் காம்பவுண்டில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சரி, எப்படித்தான் வெடித்தது? அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். மதினி மருந்தைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டாள். செத்தவள் மேல் போட்டால் யாருக்கும் சேதமில்லை அல்லவா! ஒரு வாரத்தில் அதுவே ஊர்ப் பேச்சாகிவிட்டது. அவளோடு ஒரே வேனில் போய் வந்தவர்களே அதைச் சொன்னார்கள். என்னிடம் ஒருத்தி சொன்னபோது, "ஒன் வாயில மண்ணள்ளிப் போட" என்று கத்திவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "நான் என்ன செய்ய? எனக்கும் மூணு பிள்ள இருக்கு" என்றாள்.

அந்தப் பிள்ளை பேச்சை நிறுத்திக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டுக்கு வருவாள், மூலையில் உட்கார்ந்து போனைத் திறப்பாள். என் மகள் கூப்பிட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். சர்வருக்குள் மட்டும் இருவரும் ஏதோ தட்டித் தட்டிப் பேசிக்கொண்டார்கள். பேசுகிற இடமாவது ஒன்று இருக்கிறதே என்று நான் பெட்டியை அணைக்காமல் விட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, வெடியத் தொறந்து விடுங்க."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"எதுக்குடி?"

"ஒரு தடவதான். பாத்துட்டு மூடிருங்க."

"முடியாது. என்னத்தப் பாக்கணும்? சொல்லு."

போனை நீட்டினாள். அதே கம்பெனி, அதே அறை. நாலு வாசல், நாலு பொம்மை. நடுவில் ஒரு சிவப்புக் கட்டையை வைத்திருந்தாள்.

"இது நடுவுல வெடிச்சா, வாசல்ல இருக்கவுகளுக்கு ஓட நேரம் இருக்குமா இருக்காதான்னு பாக்கணும். அம்மாவுக்கு ஒரு வாசல் இருந்துச்சுல்ல? ஒரே தாவுன்னு சொல்லுச்சுல்ல?" நிறுத்தினாள். பிறகு ஒரு மூச்சில் கொட்டினாள். "காரியத்துக்கு வந்த பெரியம்மா சொல்லுது, அம்மா மருந்தக் கீழ போட்டுருச்சாம். போட்டுட்டு ஓடாம நின்னுச்சாம். பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் அதனாலதானாம். அம்மாதான் அவுகளக் கொன்னுச்சா அத்தை?"

வெங்காயம் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அன்றைக்கே அண்ணனைப் பிடித்தேன். அவர் இப்போது எம். புதுப்பட்டிப் பக்கம் வேறொரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். சைக்கிளை நிறுத்தக்கூட விடவில்லை நான்.

"அண்ணே, அவ தாயக் கொலகாரின்னு நெனைச்சுக்கிட்டுத் திரியுறா. ரூம்ல எம்புட்டுப் பேரு இருந்தாகன்னு அவகிட்டயாவது சொல்லுங்க."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு என்ன? புள்ள மனசு ஆறும்ல."

"நாளைக்கு அவ பள்ளிக்கூடத்துல சொல்லுவா. அங்கிருந்து பேப்பர்க்காரனுக்குப் போகும். கம்பெனி தெறக்காது. காம்பவுண்டே எங்கிட்ட வந்து நிக்கும் தங்கச்சி, ஒங்கிட்ட வராது." சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். "போனவ போயிட்டா. அவ மேல பழி இருந்தா அவளுக்கு வலிக்கவா போகுது?"

"புள்ளைக்கு வலிக்குதே."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் அழுததை நான் கேட்டேன். எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இப்போதும் அது அடங்கவில்லை.

மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். என் போனிலும் அந்த விளையாட்டை ஏற்றி, சர்வருக்குள் முதல் தடவையாக நானே நுழைந்தேன். நடக்கத் தெரியாமல் என் மகளின் நீச்சல் குளத்தில் போய் விழுந்தேன். என் மகள் சிரித்தாள், அவள் சிரிக்கவில்லை. தட்டுத் தடுமாறிக் கம்பெனிக்குப் போனேன்.

"வெடியத் தொறக்க மாட்டேன். தேவையுமில்ல. அந்தச் செவப்புக் கட்டைய எடு. நான் சொல்றத மட்டும் வையி. ஒங்கம்மா குழாயடில எங்கிட்டச் சொன்னது இது, என் கற்பனை கிடையாது. பொம்மை இன்னும் வையி."

ஒன்று வைத்தாள். "இன்னும்" என்றேன். வைத்தாள். "இன்னும்." பதினோரு பொம்மை ஆனதும் நிறுத்தச் சொன்னேன்.

"எடமே இல்லையே அத்தை."

"இல்லதான். சீசன்ல அப்படித்தான் ஒக்காருவாக. இப்ப மூணு வாசல்ல கட்டைய வச்சு அடை. அது மருந்து அடைச்சு அடுக்கி வச்சிருக்க தட்டு. தெனமும் வாசல்லதான் அடுக்குவாக, உள்ள எடம் பத்தாதுல்ல."

அடைத்தாள்.

"அம்மா எங்க?"

திறந்திருந்த ஒரு வாசலுக்கு நேர் எதிர் மூலையைக் காட்டினேன். "வேகமா கை ஓடுறவுகள உள்மூலைல ஒக்கார வைப்பாக. எந்திரிச்சு எந்திரிச்சுப் போக மாட்டாகன்னு. ஒங்கம்மாதான் அந்த ரூம்லயே வேகம்."

அந்தப் பிள்ளை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலையிலிருந்து வாசல் வரைக்கும் பொம்மைகளுக்கு நடுவே போக முயன்றாள். போக முடியவில்லை. இன்னொரு தடவை முயன்றாள்.

"மருந்தக் கீழ போட்டது யாரு?"

"யாருக்கும் தெரியாது. யாரும் போடாமலும் வெடிச்சிருக்கலாம், வெயிலு அப்படி. ஆனா ஒங்கம்மா ஓடாம நிக்கல. அவளுக்கு ஓட எடமில்ல. அவ யாரையும் கொல்லல. நீ இத மனசுல எழுதி வச்சுக்கோ."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"காம்பவுண்டுல எல்லாருக்கும்?"

"தெரியும்டி."

"அப்ப ஏன் எல்லாரும் அம்மாவச் சொல்றாக?"

லைசென்ஸைச் சொன்னேன், கம்பெனி மூடுவதைச் சொன்னேன், அடுப்பைச் சொன்னேன். பெரியவர்களிடம் சொன்னால் நியாயம் மாதிரி இருக்கிற பேச்சு, பதினோரு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் எவ்வளவு கேவலமாக இருக்கிறது! கேட்டு முடித்துவிட்டு என் மடியில் விழுந்து அழுதாள். அம்மா போனதிலிருந்து அவள் அழவே இல்லை. அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள், என் சேலை நனைய நனைய. அழட்டும் என்று விட்டேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு பெண் அதிகாரி வந்தார். தாயை இழந்த பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கொடுக்கிற விஷயமாக வந்தவர், நல்ல மாதிரி. காம்பவுண்டே கூடி நின்றது. அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கை கட்டி நின்றார். அதிகாரி அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, என்ன படிக்கிறாய், என்ன ஆகப் போகிறாய் என்றெல்லாம் கேட்டார். பேச்சோடு பேச்சாக, "அம்மாவோட ரூம்ல எத்தனை பேர் வேலை பாத்தாங்க பாப்பா? அம்மா சொல்லியிருக்காங்களா?" என்றார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லட்டும், சொன்னால் சொல்லட்டும் என்று ஒரு மனம். ஐயோ, சொல்லிவிடாதே என்று இன்னொரு மனம்.

அவள் யாரையும் பார்க்கவில்லை.

"நாலு பேரு" என்றாள். "நாலு வாசல், நாலு பேரு. அம்மாதான் கை தவறி மருந்தக் கீழ போட்டுருச்சு. ஓட நேரம் இருந்துச்சு, ஓடல."

திக்கவில்லை, திணறவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். அதிகாரி அவள் கன்னத்தைத் தட்டி, "எவ்வளவு தெளிவாச் சொல்ற பாப்பா. நீ நல்லாப் படிச்சு வரணும்" என்றார். பின்னால் நின்ற பெண்கள் மூச்சு விட்டார்கள். அந்த மூச்சு என் கழுத்தில் பட்டது.

அதிகாரியின் ஜீப் ரோட்டில் ஏறியது. எல்லோரும் கலைந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அந்தப் பிள்ளை நேராக என்னிடம் வந்தாள். என் முந்தானையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, காதுக்குப் பக்கத்தில் கேட்டாள்.

"சரியாச் சொன்னேனா அத்தை?"